காட்டுக்கு நோயா, படத்துக்கு நோயா? கொடைக்கானல் சுற்றுலாக் காடுகளின் செயற்கைக்கோள் கண்காணிப்பு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

பைன் காட்டு வரைபடம் திடீரென்று சிவந்து நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது படத்தை. மரத்தை அப்புறம் பார்க்கலாம். பசுமைக் குறியீடு (இலைப் பசுமையை அளக்கும் என்டிவிஐ எண்) சரிய ஆறு வழிகள் உண்டு: கோப்பில் உள்ள எண் மாறியிருக்கலாம், மேகம் குறுக்கே வந்திருக்கலாம், வெயில் விழும் கோணம் மாறியிருக்கலாம், பருவம் மாறியிருக்கலாம், பிக்சல் இடம் தள்ளியிருக்கலாம், கடைசியாக, மரம் உண்மையிலேயே பட்டுப்போயிருக்கலாம். இதே வரிசையில் சோதித்துக்கொண்டு வந்தால் ஒரு மணி நேரத்தில் முடிவு தெரியும். வரிசையைத் தலைகீழாக்கினால் ஜீப் டீசலும் வனக்காவலரின் ஒரு நாளும் வீண்.

கீழே உள்ளதெல்லாம் சென்டினல்-2 (ஐரோப்பியச் செயற்கைக்கோள்) படங்களை எர்த் எஞ்சினிலோ (கூகுளின் இணைய வரைபடக் கருவி) கியூஜிஐஎஸ்ஸிலோ (கணினி வரைபட மென்பொருள்) வைத்து வேலை செய்பவர்களுக்கு. இடம் பழனி மலையின் மேல்தளம்: மோயர் பாயின்ட் சாலையோரப் பைன் காடு, தூண் பாறை, பேரிஜம் ஏரிச் சுற்று. ஊட்டி, ஏற்காடு, முதுமலை என்று மற்ற சுற்றுலாக் காடுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

தொடங்குமுன் மூன்று துண்டுகளை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கண்காணிக்கும் காடு. இரண்டாவது, அதே மரவகை, அதே உயரம், அதே பக்கம் பார்த்த சரிவு, ஆனால் ஆள் நடமாட்டமில்லாத ஒப்பீட்டுக் காடு. மூன்றாவது, ஆண்டு முழுக்க மாறாத பரப்பு: பெரிய கான்கிரீட் தளம், பழைய கூரைத் தொகுதி, தட்டையான பாறை வெளி. ஒவ்வொரு துண்டும் குறைந்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 10 மீட்டர் பிக்சலில் மூன்றுக்கு மூன்று இருக்கட்டும். காட்டின் ஓரத்திலிருந்து இரண்டு பிக்சல் உள்ளே தள்ளி வரையுங்கள். மூன்றாவது துண்டைத்தான் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். கீழே வரும் பாதிப் பிழைகளை அது ஒன்றே பிடித்துக் கொடுத்துவிடும். கான்கிரீட்டுக்கு வறட்சி வராது; அதன் எண் ஆடினால் குற்றவாளி காடு அல்ல.

அறிகுறி: 2022 ஜனவரி கடைசியில் எல்லாக் காடுகளும் ஒரே நாளில் சரிந்துவிட்டன

வரைபடக் கோடு படிக்கட்டு இறங்கியது போல ஒரேயடியாக விழும். பைன், சோலை (மலைப் பள்ளத்தாக்கின் பசுமைமாறாக் காடு), தைலமரம் என்று பேதமே இருக்காது. இது தயாரிப்பு முறை மாறியதன் தடம். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டிப் பதிகிறார்கள். மிகக் கருத்த பரப்புகளில் எதிர்மறை மதிப்பு வெட்டுப்படாமல் இருக்க இந்த ஏற்பாடு. பழைய கோப்புக்கு எண்ணை 10000-ஆல் வகுத்தால் போதும், பரப்பு திருப்பும் ஒளியின் பங்கு கிடைக்கும். புதிய கோப்புக்கு முதலில் 1000-ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

கழிக்க மறந்தால் என்ன ஆகும் என்று ஒரு பிக்சலை எடுத்துப் பாருங்கள். அடர்ந்த காட்டில் சிவப்பு பேண்ட் (ஒளிப்பட்டை) 300, அகச்சிவப்பு பேண்ட் 3500 என்று கொள்வோம். என்டிவிஐ = (அகச்சிவப்பு − சிவப்பு) ÷ (அகச்சிவப்பு + சிவப்பு) = 3200 ÷ 3800 = 0.84. அதே மரம், அதே வெயில், புதிய கோப்பில் 1300, 4500 என்று வரும். மேலே உள்ள கழித்தல் அதே 3200-தான். கீழே உள்ள கூட்டல் 5800 ஆகிவிடுகிறது. விடை 0.55. ஓர் இலை உதிராமல் 0.29 சரிந்துவிட்டது! அடர்ந்த காட்டை இந்தப் பிழை அதிகம் தாக்கும், ஏனென்றால் அங்கேதான் சிவப்பு எண் மிகச் சிறியது. வெட்டவெளியில் சரிவு குறைவாகத் தெரியும். அதனால் “அடர்ந்த காடுகள் மட்டும் அதிகம் பாதிப்பு” என்று நம்பும்படியான ஒரு பொய்க்கதை கிடைத்துவிடும்.

தீர்வு: எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்று முடியும் தொகுப்பையே அழையுங்கள், புதிய படங்களை அது பழைய அளவுக்குக் கொண்டுவந்து தருகிறது. படத்தைத் தனியாக இறக்குபவர்கள் கோப்புப் பெயரில் உள்ள தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். 0400-உம் அதற்கு மேலும் இருந்தால் கழிக்க வேண்டும். இரண்டையும் செய்துவிடாதீர்கள். ஹார்மனைஸ்டு படத்தில் இன்னொரு முறை 1000-ஐக் கழித்தால் சிவப்பு பேண்ட் எதிர்மறையாகி, என்டிவிஐ 1-ஐத் தாண்டும். 1.1 என்று எங்கேயாவது கண்ணில் பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி உண்டு: 2018 டிசம்பருக்கு முன்னும் பின்னும் வரும் படி. உலகம் முழுவதற்குமான எல்2ஏ (காற்றுமண்டல மங்கல் நீக்கிய) தயாரிப்பு அப்போதுதான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு யாராவது எல்1சி (மங்கல் நீக்காத) படங்களைச் சேர்த்து ஒட்டியிருந்தால், காற்றுமண்டல மங்கல் நீங்காத எண்ணும் நீங்கிய எண்ணும் கலந்துவிடும். பழைய ஆண்டுகளில் என்டிவிஐ குறைவாகத் தெரியும். “காடு தேறிவிட்டது” என்று அறிக்கை எழுதத் தோன்றும். ஒரே மட்டத் தயாரிப்பை மட்டும் வையுங்கள். இல்லையென்றால் அந்த ஆண்டுகளை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பழைய ஸ்கிரிப்ட் படத்தையே இறக்க மறுக்கிறது

சென்டினல் படங்களைத் தரும் ஐரோப்பியத் திட்டமான கோப்பர்நிக்கஸின் பழைய திறந்த தளம் 2023 அக்டோபரோடு மூடப்பட்டது. முகவரியைப் புதிய ‘டேட்டா ஸ்பேஸ்’ தளத்துக்கு மாற்றி, அங்கே புதுக் கணக்கு தொடங்குங்கள். பழைய கடவுச்சொல் செல்லாது.

அறிகுறி: கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்குகிறது, மழைக்காலத்தில் காடே காணோம்

கொடைக்கானலின் தலைவலி இதுதான். சென்டினல்-2 இந்தப் பகுதியைக் கடப்பது காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து விளிம்பைத் தொடும் நேரமும் பல நாட்களில் அதுவே. தென்மேற்குப் பருவமழைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையே கிடைக்கும் தெளிவான நாட்கள் குறைவு. ஐந்து நாளைக்கு ஒரு படம் என்பது வானுக்கு மேலே சரி. கீழே ஜூன் முதல் நவம்பர் வரை மாதம் ஒரு நல்ல படம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

கெட்டியான மேகம் ஆபத்தில்லை; அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய பனிப்படலம்தான் நோய் போல நடிக்கும். மேலே சொன்ன அதே காட்டில் சிவப்பு 0.03, அகச்சிவப்பு 0.35. படலம் சிவப்பில் 0.03-உம் அகச்சிவப்பில் 0.02-உம் கூட்டினால் 0.06, 0.37. என்டிவிஐ 0.72-க்கு இறங்கிவிடும். கண்ணால் பார்த்தால் படம் கொஞ்சம் வெளுத்தது போல இருக்கும், அவ்வளவுதான். நீல பேண்டைத் தனியாகத் திறந்து பாருங்கள். காட்டின் மேல் நீலம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இருந்தால் அந்தத் தேதியைத் தூக்கிவிடுங்கள்.

எல்2ஏ-வோடு வரும் எஸ்சிஎல் வகைப்பாட்டை (ஒவ்வொரு பிக்சலும் மேகமா, நிழலா, செடியா என்று குறிக்கும் எண்) மட்டும் நம்பினால் பனிப்படலம் வடிகட்டியில் நழுவும். அதில் 3 மேக நிழல், 8 நடுத்தர வாய்ப்புள்ள மேகம், 9 உறுதியான மேகம், 10 மெல்லிய உயர்மேகம். இந்த நான்கையும் நீக்குவது குறைந்தபட்சம். 2 என்பது கருத்த பரப்பு. மலைச்சரிவின் நிழலும் அதில் விழும், ஆகவே கண்மூடி நீக்க வேண்டாம். இதோடு எர்த் எஞ்சினில் பிக்சல் எவ்வளவு தெளிவு என்று மதிப்பிடும் ‘கிளவுட் ஸ்கோர் பிளஸ்’ தொகுப்பை இணைத்து, தெளிவு மதிப்பு 0.60-க்குக் கீழே உள்ள பிக்சலை விலக்குங்கள். மூடுபனி மாதங்களில் 0.65 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் நல்ல பிக்சலும் சேர்ந்து போகும். மேகத்தின் ஓரம் எப்போதும் கசியும். மாஸ்க்கைச் (மேகப் பகுதியை மறைக்கும் படலம்) சுற்றி இன்னும் 50 முதல் 100 மீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். கியூஏ60 பேண்டை (பழைய மேகக் குறிப்பு) வைத்து எழுதிய பழைய கிளவுட் மாஸ்க் உங்களிடம் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். அந்த பேண்டின் தயாரிப்பு 2022 ஜனவரியில் மாறியது. அதன் பிறகு வரும் படங்களில் அது பழையபடி நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது.

அடுத்து, மாதத் தொகுப்பு. ‘மாதத்தின் உச்ச என்டிவிஐ’ எடுப்பது பழைய வழக்கம். மேகத்தை அது அழகாக ஒதுக்கும். கூடவே சேதத்தையும் ஒதுக்கிவிடும். 10-ஆம் தேதி மரம் சாய்ந்திருந்தாலும் 3-ஆம் தேதியின் பச்சைதான் தொகுப்பில் நிற்கும். மீடியன் (நடு மதிப்பு) எடுங்கள். கூடவே ஒவ்வொரு பிக்சலுக்கும் எத்தனை நல்ல பார்வை கிடைத்தது என்று ஓர் எண்ணிக்கைப் படமும் செய்யுங்கள். மூன்றுக்குக் குறைவான இடத்தைச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். ‘தகவல் இல்லை’ என்று காட்டுவதில் வெட்கமில்லை. இல்லாத இடத்தைப் பச்சையாகவோ சிவப்பாகவோ நிரப்புவதுதான் வெட்கம்.

மழைக்காலம் முழுக்கக் கண் வேண்டும் என்றால் சென்டினல்-1 ரேடார் மேகத்தைத் துளைக்கும். ஆனால் அது பச்சையைப் பார்ப்பதில்லை. கிளை அமைப்பையும் ஈரத்தையும் பார்க்கும். மரம் சாய்ந்ததா என்று கேளுங்கள், இலை வாடியதா என்று கேட்காதீர்கள். மழை பெய்த மறுநாள் எண் ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் செயலிழந்தது. அதன் பின் சில ஆண்டுகளுக்குப் படங்களின் இடைவெளி கூடியிருக்கும். அந்த இடைவெளியை மாற்றம் என்று எண்ண வேண்டாம்.

அறிகுறி: மலையின் ஒரு பக்கம் மட்டும் ஆண்டுதோறும் டிசம்பரில் நோயாளி ஆகிறது

ஆண்டுதோறும் அதே மாதம், அதே பக்கம் என்றால் அது வெயில். வெளிநாட்டுக் கையேடுகள் “வடக்குச் சரிவு நிழல்” என்று ஒரே வரியில் முடித்துவிடும். அது அவர்கள் ஊர் கதை. 10 டிகிரி வடக்கில் சூரியன் நம் தலைக்கு மேலே தாண்டி அந்தப் பக்கமும் போகிறது.

செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தில் டிசம்பர் கடைசியில் சூரியன் தென்கிழக்கில், சுமார் 50 டிகிரி உயரத்தில் இருக்கும். நிழல் வடமேற்குச் சரிவில். ஏப்ரல் நடுவில் ஏறக்குறைய நேர் கிழக்கில் 68 டிகிரி; நிழல் மேற்கில், அதுவும் குறைவாக. ஜூனில் சூரியன் வடகிழக்குக்குப் போய்விடும். நிழல் தென்மேற்குச் சரிவுக்கு மாறும். மேல்தளத்தின் தெற்கு விளிம்பு செங்குத்தாக இறங்குவதால் ஜூன் படத்தில் அங்கே கருப்புப் பட்டை விழும். ஆக, டிசம்பரில் ஒரு சரிவு ‘நோய்வாய்ப்பட்டு’ ஏப்ரலில் குணமாகி, ஜூனில் வேறு சரிவு படுத்துக்கொண்டால் வியப்படைய ஒன்றுமில்லை.

என்டிவிஐ ஒரு விகிதம்தானே, நிழல் அடிபட்டுப் போகாதா என்று கேட்பார்கள். பாதிதான் போகும். நிழலில் நேர் வெயில் இல்லாமல் வானத்தின் சிதறிய ஒளி மட்டும் விழுகிறது; அந்த ஒளியில் அகச்சிவப்பின் பங்கு குறைவு. மேலே உள்ள கழித்தல் கீழே உள்ள கூட்டலைவிட வேகமாகச் சுருங்குகிறது, விகிதம் சாய்கிறது.

என்ன செய்யலாம்? எளிய வழியே இங்கே சிறந்த வழி: எந்த மாதத்தையும் வேறு மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், டிசம்பரை முந்தைய டிசம்பர்களோடு மட்டும் வையுங்கள். ஒப்பீட்டுக் காடு அதே பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று முதலில் சொன்னதும் இதற்காகத்தான். சரிவு 30 டிகிரிக்கு மேல் இருக்கும் பிக்சல்களைக் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயரப் படத்தை வைத்துப் பிரித்து, தனி அட்டவணையில் போடுங்கள். மலைச்சரிவுத் திருத்தம் செய்வதில் அவசரம் வேண்டாம். எல்2ஏ தயாரிப்பிலேயே உயரப் படத்தை வைத்து ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. அதன் மேல் நீங்களும் ஒன்று செய்தால் நிழல் சரிவு அளவுக்கு மீறி வெளிச்சமாகி, நோய் வேறு பக்கம் குடியேறும்.

அறிகுறி: தெளிவான நாட்களிலும் ஒரு படம் மேலே, அடுத்தது கீழே

உங்கள் இடம் இரண்டு சுற்றுப்பாதைகளின் ஓரம் சந்திக்கும் பட்டையில் இருக்கிறது. ஒரு முறை கிழக்கிலிருந்து, மறுமுறை மேற்கிலிருந்து சாய்வாகப் பார்க்கிறது. வெயில் படும் இலைப்பக்கமும் நிழல் பக்கமும் மாறி மாறித் தெரிகின்றன. படத்தின் விவரத்தில் ஒப்புமைச் சுற்றுப்பாதை எண் இருக்கும். ஒரே எண்ணுள்ள படங்களைத் தனி வரிசையாக்குங்கள், பல் மறைந்துவிடும்.

அறிகுறி: ஒவ்வொரு படமும் இரண்டு இரண்டாக வருகிறது

இது 78 டிகிரி கிழக்குக் கோட்டை ஒட்டிய இடங்களின் பிரச்சினை. அந்தக் கோட்டில்தான் யூடிஎம் (உலக வரைபடக் கட்ட முறை) 43-ஆம் மண்டலம் முடிந்து 44 தொடங்குகிறது. கொடைக்கானல் நகரம் 77.5-இல் இருப்பதால் தப்பித்தது. திண்டுக்கல் பக்கம் சிறுமலை மாட்டிக்கொள்ளும். ஒரே நாள், ஒரே காட்சி, இரண்டு மண்டலக் கட்டங்களில் தனித்தனியாக வரும். ஒரு மண்டலத்தை மட்டும் வடிகட்டி வையுங்கள். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் ஓரங்கள் மங்கும். நல்ல பார்வைகளின் எண்ணிக்கையும் பொய்யாக இரட்டிக்கும்.

அறிகுறி: மரம் பட்டுப்போவது கண்ணுக்குத் தெரிகிறது, எண் அசையவே இல்லை

இது எதிர்த்திசைப் பிழை. இதுவே அதிக ஆபத்தானது. மற்றதெல்லாம் இல்லாத நோயைச் சொல்லும், இது இருக்கும் நோயை மறைக்கும்.

காரணம் இரண்டு. முதலாவது, என்டிவிஐ நிரம்பிவிடுகிறது. சோலைக்காட்டில் இலை அடுக்கடுக்காக இருப்பதால் மேலடுக்கே சிவப்பு ஒளி முழுவதையும் விழுங்கிவிடும். அதற்குக் கீழே பாதி இலை போனாலும் 0.88 என்பது 0.86 ஆகலாம், அவ்வளவுதான். இரண்டாவது, கீழ்மட்டச் செடி ஏமாற்றும். மேலே மரம் மொட்டையானால் தரையில் வெயில் படும். உண்ணிச்செடி ஒரே மழையில் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். முதுமலைப் பக்கம் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் அந்நியக் கொன்னையும் இந்த வேலையைச் செய்கிறது. செயற்கைக்கோளுக்குப் பச்சை பச்சைதான். அது தேக்கின் பச்சையா, களையின் பச்சையா என்று என்டிவிஐ கேட்காது.

இங்கே வேறு பேண்டுக்குப் போக வேண்டும். சிவப்பு விளிம்பை (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஒளியை) பயன்படுத்தும் குறியீடு, அதாவது பேண்ட் 8ஏ-க்கும் பேண்ட் 5-க்கும் இடையிலான வித்தியாசத்தை அவற்றின் கூட்டலால் வகுத்தது, அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது. ஈரத்துக்கு என்டிஎம்ஐ: அதே வகுத்தல், பேண்ட் 8ஏ, பேண்ட் 11 கொண்டு. இலையில் நீர் குறைந்தால் பேண்ட் 11-இல் ஒளி கூடும். எடுத்துக்காட்டாக 0.38, 0.18 இருந்த காட்டில் 0.36 வரும், வாடி 0.33, 0.24 ஆனால் 0.16-க்கு இறங்கும். என்டிவிஐ உளறிக்கொண்டிருக்கும்போதே இது பாதியாகிவிட்டிருக்கும். இந்த பேண்டுகள் 20 மீட்டர் பிக்சல். 10 மீட்டருக்கு நீட்டி வைத்துக்கொண்டு நுணுக்கம் கிடைத்ததாக எண்ண வேண்டாம். களைப் பச்சையிலிருந்து மரப் பச்சையைப் பிரிக்க, தரைச்செடி காய்ந்திருக்கும் பிப்ரவரி–மார்ச் படத்தைப் பாருங்கள். மழை ஓய்ந்ததும் எடுத்த படம் இந்த வேலைக்கு உதவாது.

பைனையும் சோலையையும் ஒரே அளவுகோலில் வைப்பதும் தவறு. ஊசியிலை அகச்சிவப்பைக் குறைவாகத் திருப்புகிறது; நல்ல பைன் காட்டின் எண்ணே பக்கத்துச் சோலையைவிடக் குறைவாக இருக்கும். ஒவ்வொரு வகைக்கும் தனி எல்லை வையுங்கள்.

அறிகுறி: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சரிவு, மே மாதம் ஏற்றம்

பருவம். முதுமலை போன்ற இலையுதிர் காட்டில் தேக்கு மொட்டையாக நிற்பது நோயில்லை, இயல்பு. கொடைக்கானல் மேல்தளத்தில் புல்வெளிகள் டிசம்பர்–பிப்ரவரி உறைபனியில் கருகிப் பழுப்பாகும். கோடை மழை விழுந்ததும் தளிர்க்கும்.

இதில் ஒரு வேடிக்கை. சுற்றுலாக் கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அதே ஏப்ரல்–மே. கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் 2024 மே 7 முதல் கட்டாயமானதால் வருகை எண்ணிக்கையும் இருக்கிறது. அதையும் என்டிவிஐயையும் ஒரே வரைபடத்தில் போட்டால் ஆள் கூடக் கூடக் காடு பசுமையாகிறது என்று வரும்! மழையை நீக்காமல் செய்யும் எந்த ஒப்பீடும் இப்படித்தான் சிரிப்பாய்ச் சிரிக்கும். மாதவாரி நீண்டகாலச் சராசரியைக் கழித்து, மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள். அதே மாதத்தின் முந்தைய ஆண்டுகளிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். சராசரிக்கு இரண்டு திட்டவிலக்கத்துக்கும் கீழே போனால் குறித்துக்கொள்ளுங்கள். சென்டினல்-2-இன் சீரான வரிசை இன்னும் நீளமில்லாததால், பழைய பின்னணிக்கு லேண்ட்சாட் (அமெரிக்கச் செயற்கைக்கோள்) 30 மீட்டர் படங்களைத் தனி வரிசையாக வைப்பது நல்லது. இரண்டு எண்களையும் ஒரே கோட்டில் ஒட்டாதீர்கள்.

குறிஞ்சியையும் மறக்கக்கூடாது. 2018-இல் பூத்த குறிஞ்சி விதைத்துவிட்டு மடிந்துபோகும். அது அந்தச் செடியின் இயல்பு. குறிஞ்சிப் புதர் அடர்ந்த சரிவுகளில் அதற்கடுத்த பருவங்களில் தெரியும் குறியீட்டுச் சரிவை ‘சேதம்’ என்று பதிந்து வைத்திருந்தால் திருத்திவிடுங்கள். 12 ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030. இப்போதே அந்தத் துண்டுகளைக் குறித்து வைக்கலாம்.

அறிகுறி: நடைபாதை ஓரமெல்லாம் சிவப்பு நூல், அடுத்த படத்தில் காணோம்

படம் நகர்கிறது. 2021 ஆகஸ்டுக்கு முந்தைய படங்கள் ஒன்றுக்கொன்று ஒரு பிக்சல் வரை தள்ளி விழலாம். அதன் பிறகு பொது மேற்கோள் படத்தோடு பொருத்தித் தருவதால் இடம் நன்றாக நிற்கிறது. காடும் புல்லும் சந்திக்கும் கோட்டில் 10 மீட்டர் நகர்வு என்றால் ஒரு பக்கம் முழுக்க ‘அழிவு’, மறுபக்கம் முழுக்க ‘வளர்ச்சி’. சிவப்பு நூலுக்கு எதிரே பச்சை நூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம்தான் நகர்ந்திருக்கிறது.

உண்மையான பாதை விரிவாக்கம் எவ்வளவு தெரியும்? 3 மீட்டர் அகல மண்பாதை ஒரு பிக்சலை ஊடறுத்தால் பரப்பில் 30 விழுக்காடு. மண்ணில் சிவப்பு 0.18, அகச்சிவப்பு 0.26 என்று வைத்தால், கலந்த பிக்சலில் 0.075, 0.323, என்டிவிஐ 0.84-லிருந்து 0.62. நன்றாகவே தெரியும், ஆனால் மேலே மூடிய கிளை இல்லாத இடத்தில் மட்டும். பைன் காட்டுக்குள் ஆயிரம் பேர் மிதித்து வேர் வெளியே வந்திருந்தாலும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கிளைதான் தெரியும். மிதிபட்ட மண் இறுகி, நீர் இறங்காமல், மரம் மெலிந்து, அது உச்சிக்கு ஏறித் தெரியப் பல ஆண்டுகளாகும். கிளைக்கு அடியில் நடப்பதைச் செயற்கைக்கோளில் தேடுவது நேர விரயம். அதற்கு மண் இறுக்கமானியோடு நடந்துதான் ஆக வேண்டும்.

அறிகுறி: தீப்பட்ட இடம் என்று தெரியும், வரைபடத்தில் வடு இல்லை

படம் பிந்திவிட்டது. புல்வெளித் தீயின் கருப்பு கோடை மழைக்குப் பின் சில வாரங்களில் மறையும். தீக்கு முந்தைய நல்ல படத்தையும் தீக்குப் பிந்தைய முதல் தெளிவான படத்தையும் எடுத்து, பேண்ட் 8, பேண்ட் 12 கொண்டு என்பிஆர் (தீவடுக் குறியீடு) வித்தியாசம் பாருங்கள். 0.10-க்குக் கீழே கணக்கில் இல்லை, 0.27-க்கு மேல் நடுத்தரச் சேதம், 0.66-க்கு மேல் கடுமை. இந்த எல்லைகள் அமெரிக்கக் காடுகளில் உருவானவை; பைனுக்கு ஓரளவு பொருந்தும், புல்வெளிக்குப் பொருந்தாது. தீ எச்சரிக்கைப் புள்ளி இடம் தள்ளி விழுந்தால் குழம்ப வேண்டாம். அந்தப் புள்ளியைத் தரும் வியர்ஸ் செயற்கைக்கோள் கருவியின் பிக்சலே 375 மீட்டர், புள்ளி அதன் நடுவைத்தான் காட்டுகிறது.

அறிகுறி: எல்லாம் சரி, இருந்தும் ஒரு துண்டு மட்டும் கீழேயே இருக்கிறது

அடுத்தடுத்து மூன்று தெளிவான படம், என்டிஎம்ஐயும் என்பிஆரும் சேர்ந்து சரிவு, ஒப்பீட்டுக் காடும் கான்கிரீட்டும் அசையவில்லை. இப்போது புறப்படலாம். காப்புக்காட்டுக்குள் நுழையவும் டிரோன் பறக்கவிடவும் முன்அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மரத்தடியில் கைபேசி ஜிபிஎஸ் 5 முதல் 10 மீட்டர் வரை தள்ளும். அதனால் ஒற்றைப் பிக்சலைத் தேடிப் போகாமல் 30 மீட்டர் சதுரத்தின் நடுவுக்குப் போங்கள். அங்கிருந்து நான்கு திசையிலும் அருகில் உள்ள மரங்களில் மொத்தம் இருபதை எடுத்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் எத்தனை பங்கு காய்ந்திருக்கிறது என்று கால் பங்குக் கணக்கில் எழுதுங்கள். பைனில் ஊசி நுனியிலிருந்து பழுக்கிறதா, பழைய ஊசி மட்டுமா. பட்டையில் பிசின் வழிகிறதா, துளையும் மரத்தூளும் இருக்கிறதா. வேர் வெளியே தெரிகிறதா. யாராவது பட்டையைச் சுற்றிச் சீவியிருக்கிறார்களா. சாய்ந்த மரங்கள் எல்லாம் ஒரே திசையில் கிடந்தால் காற்று. 2018 நவம்பர் 16 கரை கடந்த கஜா புயல் இந்த மலையிலும் மரங்களைச் சாய்த்தது, அந்தத் தேதியை ஒட்டிய சரிவுகளை முதலில் அதன் கணக்கில் வையுங்கள்.

போன இடத்தில் மரங்களே இல்லாமல் அடிக்கட்டை மட்டும் வரிசையாக இருந்தால், திரும்பி வந்து வனச்சரக அலுவலகத்தில் பணிப் பதிவேட்டைக் கேளுங்கள். மேல்தளத்தில் சீகை (வாட்டில்), பைன் போன்ற அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி நடந்த இடமாக இருக்கலாம். அங்கே குறியீடு 0.8-லிருந்து 0.5-க்கு இறங்குவது திட்டம் நடக்கிறது என்பதற்கு அடையாளம். இரண்டே ஆண்டில் மறுபடி 0.8-க்கு ஏறினால்தான் கவலை, அது சீகைக் கன்று திரும்ப முளைத்ததாக இருக்கும். அந்தத் துண்டின் எல்லையை வரைந்து எச்சரிக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஒப்பீட்டுக்குச் சோலையை விட்டுப் பக்கத்துப் பழைய புல்வெளியை வையுங்கள்.